ஒரு நூல் இடித்த கதவு

வண்டித் தகடு தட்டும் டிங்கர் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் பாய் என்று சங்கத்தில் கேட்டார்கள். என்னத்தைச் சொல்வது? சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று உங்கள் மேஸ்திரி சொல்லிக் கொடுப்பார். மிச்சத்தை போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறீர்கள். அதற்கெல்லாம் இந்தக் கரீம் தேவையில்லை. ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒலிமுகமது பேட்டையில் இருக்கும் பட்டறைச் சாவியை என் மகனிடம் கொடுப்பதற்கு முன்னால் நான் செய்த கடைசிப் பெரிய வேலை அது. சொல்லி முடிக்கும்வரை யாரும் போனை நோண்டக் கூடாது. எனக்குக் கோபம் வந்தால் நன்றாக இருக்காது, உங்கள் மேஸ்திரிகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு வார்த்தை. நம் தொழிலில் நூல் என்றால் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சரும் கொத்தனாரும் நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இது காஞ்சிபுரம். இங்கே நின்றுகொண்டு "ரெண்டு நூல் கம்மி" என்று கத்தினால், ரோட்டில் போகிறவர் சைக்கிளை நிறுத்தி, "எந்தப் பாவுல?" என்று தறியில் ஓடும் நூலை நினைத்துக் கேட்பார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நூல் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

வண்டியைக் கொண்டுவந்தவர் குமரேசன். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், காந்தி ரோட்டில் பட்டுச் சேலைக் கடை. மினி லாரியின் முதுகில் கயிறு கட்டி ஒரு சின்னக் காரை இறக்கினார். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் ஒரு பையை வைக்கலாம், அவ்வளவுதான். பழைய காலத்தில் எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் கப்பலில் வரும். மேலே இருக்கும் கூண்டை நம் ஊர்க்காரர்கள் கையால் கட்டுவார்கள். உள்ளே தேக்கு மரச் சட்டம், அதன் மேல் அலுமினியத் தகடு. கோச்பில்டு என்று சொல்கிறார்களே, அது இதுதான். கூண்டு கட்டியவர்கள் பலர் கதவுக்குக் கீழே இருக்கும் வாசல் பலகையில் பித்தளைத் தகட்டில் பெயர் அடித்து வைப்பார்கள். இதில் அப்படி ஒன்றும் இல்லை.

வண்டியைச் சுற்றி வந்தேன். வலது கதவின் கீல் முன்னால் இருந்தது, எல்லா வண்டியிலும் இருப்பதுபோல. இடது கதவின் கீல் பின்னால் இருந்தது. திறந்தால் பின்பக்கமாக விரிகிறது. வலது சீட்டைவிட இடது சீட்டு மூன்று விரற்கடை உயரம். யாரோ அரைத் தூக்கத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்ல கோணக் கார்னுதான் சொல்லுவோம் பாய்," என்றார் குமரேசன். "தாத்தா கட்ட வெச்ச வண்டி. எங்க அத்தைக்கு ஒரே ஆசைதான். இதுல குந்திக்கினு மாகறல் கோயில் வரைக்கும் போய்ட்டு வரணும். ஆனா யாரும் தூக்கக் கூடாது, தானே ஏறணும்னுது."

அத்தை பெயர் மரகதம். எனக்குத் தெரியாதவர் இல்லை. சேலைக் கரைக்கும் முந்திக்கும் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து கொடுப்பவர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போய்விட்டது. ஆனாலும் அப்பா ஓட்ட, இந்தக் காரில் ஒவ்வொரு கோயிலாகப் போய், தூண்களைப் பார்த்து, யாளியையும் அன்னத்தையும் வரைந்து கொண்டுவருவார். அவர் போட்ட கரையைக் கட்டிக்கொண்டு எத்தனை கல்யாணப் பெண்கள் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள்!

"மத்த வண்டியில எப்படி ஏறுவாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு தூக்கி வைக்கணும். அதுதான் அத்தைக்கு ஆவறதில்ல. மூட்டை மாதிரி போறதுக்கு நான் வீட்லயே கெடக்கறேன்னுது. இந்த வண்டி நின்னதுல இருந்து வெளிய போறதே நின்னுபோச்சி. என் பொண்ணு கல்யாணத்துக்கே வரல பாய். மண்டபம் நாலு தெரு தள்ளித்தான்."

ஆக, வேலை இன்னதென்று தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் குமரேசன் கூடவே இன்னொன்றும் சொன்னார். சென்னையில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி நடக்கப் போகிறதாம். யாரோ போட்டோ பார்த்துவிட்டு, இடது பக்கத்தை எவனோ கெடுத்து வைத்திருக்கிறான், இரண்டு கதவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சீட்டும் சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னாராம். "அதையும் நேர் பண்ணிடுங்க பாய். அத்தையும் போய் வரட்டும், போட்டிக்கும் போவட்டும்."

சரி என்று தலையாட்டினேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஏன் தெரியுமா? நாம் ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் மறுபக்கத்தைச் செய்கிறோம். இடது மட்கார்டு நசுங்கினால் வலது மட்கார்டைப் பார்த்துத் தட்டி எடுக்கிறோம். ஆயுசு முழுக்க அப்படியே செய்து செய்து, இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் அதில் ஒன்று தப்பு என்று நம் கை நம்மைக் கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறது. இது டிங்கருக்கு வரும் வியாதி. உங்களுக்கும் வரும்.

வேலை ஆரம்பித்தோம். கூரை மரத்தைக் கரையான் தின்றிருந்தது, அதை மாற்றினோம். தகட்டையெல்லாம் கழற்றித் தட்டி மறுபடி மாட்டினோம். எஞ்சினை அதற்கென்று இருக்கிற ஆள் வந்து பார்த்துக்கொண்டார். எல்லாம் படிந்து வந்தது, அந்த இடது கதவைத் தவிர. சாத்தினால் பூட்டுப் பக்கம் சரியாக ஒரு நூல் இடிக்கும். கீலை இறக்கிப் பார்த்தேன், தகடு கொடுத்துப் பார்த்தேன். ஊஹூம். எனக்கு முன்னால் பார்த்தவர்களும் இதே இடத்தில் திணறியிருக்கிறார்கள். கதவின் கீழ் மூலையில் யாரோ அரம் வைத்து ராவிப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

எப்படியும் கீலை முன்னுக்கு மாற்றத்தானே போகிறோம், கதவுக் காலையே வெட்டிப் புதிதாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கதவுக் கால் என்றால் கதவு வந்து சாத்துகிற முன்பக்கத்து மரத்தூண். சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. குமரேசன் வேறு போட்டி நாள் நெருங்குகிறது என்று போன் மேல் போன். ரம்பத்தைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வேளை.

என்னிடம் தேவராஜ் என்று ஒரு பெயின்டர். இரண்டு பிள்ளை பெற்றவன், ஆனால் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. பட்டறையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் தூக்குச் சட்டியோடு அந்தக் காருக்குள் போய் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டான். ஈ வருகிறது என்று கதவை இழுத்தான். 'டக்' என்று சாத்திக்கொண்டது.

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. "டேய், எறங்குடா!" என்று கத்தினேன்.

"சாப்ட்டுக்கினு இருக்கறேன் பாய். இன்னா பெருசா அழுக்காயிடப் போவுது?"

"எறங்குறியா, இல்ல சட்டிய உன் தலையில கவுக்கட்டுமா?"

இறங்கினான். கதவைச் சாத்தினேன். ஒரு நூல் இடித்தது. "ஏறு," என்றேன். ஏறினான். 'டக்.' இறங்கு என்றேன். இடித்தது. பாவம், வெயில் மண்டையில் ஏறி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். தயிர்ச் சோறு கையிலேயே காய்ந்துபோகும்வரை அவனை ஏற்றி இறக்கினேன். ஆள் உட்கார்ந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் கொஞ்சம் தாழ்கிறது. அது கதவுக் காலை உள்பக்கமாக இழுக்கிறது. ஒரு நூல். கதவு போய் அழகாக உட்காருகிறது. காலி வண்டியில் எத்தனை வருஷம் அரம் போட்டாலும் இது வராது.

கதவை மாட்டியவன், சீட்டில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு மாட்டியிருக்கிறான். யா அல்லா! இது தூக்கத்தில் செய்த வேலை இல்லையே. அப்படியானால் மற்றக் கோணல்களும்? ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த பழைய துணி உறையை முழுவதும் உரித்தேன். வாசல் பலகையின் பெயின்டைச் சுரண்டினேன். உள்ளே நல்ல தேக்கு, விளிம்பெல்லாம் மழுங்கி, தொட்டால் கை வழுக்குகிற மாதிரி தேய்ந்திருந்தது. அந்தப் பலகையின் மட்டமும் சீட்டின் மட்டமும் ஒன்று. மூன்று விரற்கடை உயரத்துக்குக் காரணம் அதுதான். கதவுக் காலில் ஒரு பித்தளைக் கைப்பிடி இருந்தது. அதற்கு நேர் கீழே, ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், இரண்டு துளைகளை மரமுளை வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. மரத்தின் ரேகையோடு ரேகை சேர்த்து அடைத்திருந்ததால் விரலால் தடவினால்தான் தெரியும்.

உடனே குமரேசனுக்கு போன் போட்டு, அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"யாருப்பா, கரீம் பாயா? கதவு சாத்துதா?"

"ஒரு நூல் இடிக்குதும்மா."

"ஒரு நூலுதானே? எங்களுக்கு ஒரு நூல் அறுந்தா தறியே நிக்குது. நீ என்னாத்துக்கு அலுத்துக்கிற?"

"அது கெடக்கட்டும்மா. இந்த வண்டியில நீங்க எப்படி ஏறுவீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க."

"அதுல என்னா இருக்குது? முதுக காட்டிக்கினு அந்தப் பலகை மேல குந்துவேன். வலது கையால முன்னால இருக்கற புடிய புடிச்சி இழுத்தா, வழுக்கிக்கினு சீட்டுக்குப் போயிடுவேன். அப்பால கால ஒண்ணொண்ணா கையால தூக்கி உள்ள வெச்சிக்குவேன். கதவு பின்னால கெடக்கும், தொந்தரவு பண்ணாது. மத்த கார்ல அப்படி வராது. இதுல ஏறி ஏறிப் பழக்கம், அதான்."

அவர் சொல்லச் சொல்ல, என் கை அந்தப் பலகையைத் தொட்டது, கைப்பிடியைத் தொட்டது, சீட்டின் விளிம்பைத் தொட்டது. ஒவ்வொன்றும் அவர் சொன்ன இடத்தில் இருந்தது. பழக்கமாம்!

"புடிக்குக் கீழ பழைய துளை இருக்குதே?"

"நான் சின்னதா இருக்கசொல்ல அங்கதான் இருந்துது. வளந்தப்புறம் கை இடிக்குதுன்னு மேல மாத்தினாங்க. வண்டி கட்டின ஆளே வந்து மாத்திட்டுப் போனாரு."

"அவரு பேரு தெரியுமாம்மா?"

"யாருக்குத் தெரியும்? ஒரு கொட்டாய். கீழெல்லாம் மரத்தூள். என்னைப் பலகை மேல குந்த வெச்சிட்டு அவரு சுத்திச் சுத்தி வருவாரு. ஏறு பாப்பான்னுவாரு, எறங்கு பாப்பான்னுவாரு. எனக்கு அழுகையா வரும். அழுதா ஒரு கடலை உருண்டை குடுப்பாரு. எங்கப்பா வாசல்ல நின்னுக்கினு இருப்பாரு. சும்மா வெளையாட்டு காட்டறாருன்னு நெனச்சேன்."

"அம்மா," என்றேன். "அவரு வெளையாடலம்மா. உங்கள அளந்துக்கினு இருந்திருக்காரு. இந்த வண்டியில எங்கயும் கோணல் இல்ல. இந்தப் பக்கம் முழுக்க உங்களுக்கு எடுத்த அளவும்மா."

"எங்கப்பா ஒரு வார்த்த சொல்லலியேப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

நான் அந்தக் காருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் தொழில் செய்திருக்கிறேன், எத்தனையோ வண்டி என் கையில் உயிர் பிழைத்திருக்கிறது. ஆனால் எவருக்காவது இப்படி ஒரு வண்டி கட்டியிருக்கிறேனா? ஒரு குழந்தையின் அழுகைக்கு நடுவில், கடலை உருண்டை கொடுத்துக் கொடுத்து, ஒரு நூல் பிசகாமல்! செய்து முடித்தபின் தன் பெயரைக்கூடப் போடாமல் போயிருக்கிறார். மாஷா அல்லா என்று சொல்வதைத் தவிர என்னிடம் வார்த்தை இல்லை. என் உஸ்தாத் யார், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் இன்றைக்கு அவரைத்தான் சொல்வேன், பெயர் மட்டும் தெரியாது.

சாக்பீஸ் கோட்டை நானே அழித்தேன். சாயங்காலம் குமரேசன் வந்தார். கதவை ஆட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னும் இடிக்குதே பாய்?"

"இடிக்கும். காலி வண்டிக்குக் கதவு எதுக்குப்பா? அத்தை ஏறினா சாத்தும்."

"போட்டியில மார்க் கொறைப்பாங்களே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேணும்னு சொன்னேனே."

"போட்டிக்கு வேற வண்டி பாத்துக்கோ. இதை நான் வெட்ட மாட்டேன். வெட்டித்தான் ஆவணும்னா லாரிய கொண்டாந்து இப்பவே ஏத்திக்கினு போ. என் பட்டறையில நடக்காது."

அவருக்கும் கோபம் வந்தது. கதவுக் காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார். வீட்டில் அத்தை அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தவர், "நாங்கதான் கோணக் கார்னு சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தோம் பாய்," என்றார். அதற்குப் பிறகு அவர் போட்டிப் பேச்சையே எடுக்கவில்லை.

பெயின்ட் அடிக்கும் முன் தேவராஜ் பட்டி குழைத்துக்கொண்டு வந்து, "இந்த முளை மேல ரெண்டு இழுப்பு இழுத்துடட்டுமா பாய்? சுத்தமா மறைஞ்சிடும்," என்றான். தகட்டில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப நாம் போடுகிறோமே, அந்தப் பட்டிதான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். எனக்கே காரணம் தெரியவில்லை. அந்த மனிதர் தட்டி வைத்ததை மூட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வண்டி தயாரான நாள் காலையில் மரகதம்மாவைச் சக்கர நாற்காலியிலேயே பிள்ளையார்பாளையத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரக்குக் கலரில் மயில் கழுத்துக் கரை போட்ட சேலை. வழியெல்லாம் தறி வீட்டு ஆட்கள் நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்களாம். வண்டியைப் பார்த்ததும் கையால் தகட்டைத் தடவினார். நாற்காலியைத் திருப்பி, முதுகைக் காட்டி, பலகை மேல் உட்கார்ந்தார். வலது கையைக் கைப்பிடிக்கு உயர்த்தினார்.

கை போகவில்லை. தோள் வரைக்கும்கூட வரவில்லை. வயசு பாருங்கள், தோள்பட்டை இறுகிவிட்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. இன்னொரு முறை எம்பினார். உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையால் வலது கையைத் தாங்கித் தூக்கினார். விரல் நுனி பித்தளைக்குக் கீழே மரத்தில் கீறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குமரேசன் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார். "நான் தூக்கி வெக்கறேன் அத்தை, ஒரு நிமிஷம்."

"தொடாத!" என்றார் மரகதம்மா. "வேணாம்பா. நாற்காலிய கொண்டா. வூட்டுக்குப் போலாம். மாகறலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அந்த நேரத்தில் என் கையும்தான் நீண்டுவிட்டது. பெரிய மனுஷி அழுகிறார், தூக்கி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் விரல் எங்கே கீறிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். அந்த முளைகளுக்குப் பக்கத்தில்.

"தேவராஜு! ஸ்க்ரூ டிரைவர், சின்ன சுத்தி, பொடி உளி. ஓடு!" என்றேன். "அம்மா, அப்படியே குந்திக்கினு இருங்க. எறங்காதீங்க."

கைப்பிடியைக் கழற்றினேன். முளையின் நுனியில் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். பசை போட்டிருப்பார், துளைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பயந்தேன். பசையே இல்லை. இரண்டு முளையும் பல்லிடுக்கில் இருந்த பாக்கு மாதிரி அலுங்காமல் வெளியே வந்தன. உள்ளே துளையின் சுவர் நேற்றுப் போட்டதைப்போல இருந்தது. ஒரு தச்சன் துளையை நிரந்தரமாக மூட வேண்டும் என்றால் பசை போடாமல் விடமாட்டான். திரும்பவும் இது வேண்டியிருக்கும் என்று அந்த மனிதர் நினைத்தாரா? எனக்குத் தெரியாது. நினைத்தார் என்றுதான் நான் நம்புகிறேன். கைப்பிடியைக் குழந்தைக்கு வைத்த இடத்தில் வைத்து முடுக்கினேன்.

"இப்ப புடிங்கம்மா."

கை நேராகப் போய்ப் பிடித்தது. இழுத்தார். பலகையில் வழுக்கி, கால் வட்டம் திரும்பி, சீட்டில் போய் உட்கார்ந்தார். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். இடது காலை வைத்தார். சேலை மடிப்பைச் சரி செய்தார். கதவை அவரே எட்டி இழுத்தார்.

டக்.

குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தேவராஜ் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். நான் மட்டும் என்ன, சும்மாவா இருந்தேன்?

பிள்ளைகளே, பாடம் என்னவென்று கேட்பீர்கள். நேராக்குகிறேன் என்று கையை வைப்பதற்கு முன்னால், இது யாருக்குக் கோணல் என்று ஒரு தடவை கேளுங்கள். வேறொன்றும் எனக்குத் தெரியாது.

குமரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டும் சீட்டில் போய் உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கினார். மரகதம்மா கைப்பிடியை விடவே இல்லை. ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"கரீம் பாய், இங்க பக்கத்துல கடலை உருண்டை கெடைக்குமா?"

தேவராஜை முக்குக் கடைக்கு ஓடவிட்டேன். ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் இருந்த மரப் பலகையின் மேல் வைத்தார்.

"இது அந்த ஆளுக்கு," என்றார். "இப்ப எடுப்பா வண்டிய."